சுமந்த கறுப்பு

டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் முதலில் கயிறாக இறங்கும். கொஞ்ச நேரத்தில் கயிறு மெலிந்து நூலாகும். நூல் அறுந்து சொட்டாகும். கடைசிச் சொட்டு விழுந்துவிட்டது என்று எழுந்தால், துளையின் விளிம்பில் இன்னொன்று திரண்டுகொண்டிருக்கும். அந்தச் சொட்டுகளுக்காக வண்டிக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் குந்தியிருப்பேன். அப்போது கைக்கு வேலை இருக்காது. போல்ட்டைத் துடைத்துப் பழைய தட்டு ஒன்றில் வைத்தாயிற்று. புது வாஷர் பக்கத்தில் கிடக்கிறது. புது ஆயில் டப்பா மூடி திறக்காமல் திண்ணையில் நிற்கிறது. பேசினில் கறுப்பு நிறைந்துகொண்டிருக்கிறது. பல வருஷங்களாக அந்தக் கறுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த வேலை நடக்கும். முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு சின்னாறு வரை ஒரு நடை போய்த் திரும்புவேன். ஆயில் சூடேறினால்தான் இளகும். அடியில் படிந்த வண்டலையும் கலக்கித் தன்னோடு அழைத்துக்கொண்டு இறங்கும். திரும்பியதும் உடனே போல்ட்டில் கை வைக்கக் கூடாது. சைலன்சரும் ஆயிலும் தோலை உரித்துவிடும். தொட்டால் கை தாங்குகிற சூட்டுக்கு வந்தபின், சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேலே ஆயில் மூடியை ஒரு திருகு தளர்த்திவிட்டு, அடியில் பேசினைத் தள்ளி, ஸ்பேனரைப் பொருத்த வேண்டும். மேல் மூடி இறுகியிருந்தால் உள்ளே காற்று நுழைய வழியின்றி ஆயில் விக்கி விக்கி இறங்கும். சொம்பை மூடிக் கவிழ்த்தால் தண்ணீர் விழத் தயங்குவது போலத்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஊற்றியது தேன் நிறம். டப்பாவிலிருந்து புனலில் இறங்கும்போது வெயில் அதற்குள் புகுந்து வெளியே வரும். இப்போது இறங்குவது தார் மாதிரி இருக்கிறது. வெளிச்சம் இதற்குள் போகாது. முதன்முதலாக இதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. மங்கலமேடு பக்கம் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அவரிடம் போய், “ஆயில் சுத்தமா கெட்டுப்போச்சுங்க” என்றேன்.

அவர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. “கெட்டுப்போகல தம்பி. வேலை பாத்திருக்கு. ஆயில் கறுக்காமலே இருந்துச்சுன்னா, அழுக்கெல்லாத்தையும் இன்ஜினுக்குள்ளாற எங்க விட்டுட்டு வந்துச்சுன்னுதான் பயப்படணும்” என்றார்.

அவர் பட்டறையை மூடிப் பல வருஷமாகிறது. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து என்னால் இன்றுவரை வெளியே வர முடியவில்லை.

*

அவர் சொன்னதற்குள் உள்ள இயந்திரக் கணக்கைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில், நொடிக்கு 33 தடவை பெட்ரோல் தீப்பிடித்து வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே நிற்பது ஆயிலின் படலம் மட்டும்தான். அதன் கனம் சில மைக்ரான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்தப் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். பட்டறைக்காரர்கள் ‘பிஸ்டன் பிடிச்சிக்கிச்சு’ என்பார்கள்.

உரசலைத் தடுப்பது ஆயிலின் ஒரு வேலை. வெடிப்புகளின் கரி ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிகிறது. எரியாத பெட்ரோல் ஆவி கசிகிறது. எரிந்ததால் உண்டான நீராவியும் அமிலமும் கசிகின்றன. கியர்ப் பற்களிலிருந்தும் கிளட்சுத் தட்டுகளிலிருந்தும் துகள் உதிர்கிறது. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். காரில் இந்தப் பாரம் பிரிந்திருக்கும். பைக்கில் ஒரு லிட்டர் ஆயில் மூன்று வீட்டு வேலையையும் தனியாகப் பார்க்கிறது. அதனால்தான் கார் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது என்கிறார்கள். வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள ஆயிலில் கிளட்சு பிடிமானமில்லாமல் நழுவும். டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்ஏ என்று அச்சிட்டிருந்தால், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு அது ஒத்துவரும் என்று பொருள். முன்புறம் 20டபிள்யூ50 என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. கத்திரி வெயில் கரிசல் நிலத்தைப் பிளக்கிற எங்கள் பக்கத்தில் எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் படலம் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும் எண் அது.

இத்தனை அழுக்கும் வந்து சேருகிற இடத்தில் ஆயில் என்ன செய்கிறது? அதில் கலந்திருக்கும் ஒருவகைச் சேர்மானம் ஒவ்வொரு கரித்துகளையும் தனித்தனியாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல், சுவரில் படியாமல், ஆயிலிலேயே மிதக்கின்றன. ஆயிலின் கறுப்பு என்பது அப்படி மிதக்கிற கரிதான். இன்னொரு சேர்மானம் அமிலத்தை முறிக்கிறது. அது என்ன என்று ஒருநாள் தேடிப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரும்பாலான இன்ஜின் ஆயில்களில் அந்த வேலையைச் செய்வது கால்சியம் கார்பனேட்; கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக எண்ணெயில் மிதக்கவிடப்பட்ட சுண்ணாம்புக் கல்.

*

சுண்ணாம்பைப் பற்றி எங்கள் சீமைக்காரனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பலூரும் அரியலூரும் முன்னே திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது, 2007இல் அரியலூர் நிலையாகப் பிரிந்தது. எல்லைக்கோடு எங்கே போனாலும் அடியிலிருக்கும் பாறைக்கு அது தெரியாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கடல் இருந்தது. சாத்தனூரில் கல்லாகிப் படுத்திருக்கும் மரம் அந்தக் காலத்தது. 18 மீட்டர் நீளம்; வயது சுமார் 12 கோடி ஆண்டு என்பார்கள். புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை அடையாளம் கண்டார். காரைப் பக்கத்து ஓடைச் சரிவுகளில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நடந்தால், களிமண்ணிலிருந்து கடல் உயிர்களின் எச்சங்கள் தலை நீட்டும். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறைகளில் சிப்பி ஓடுகள் அடை அடையாகக் கிடக்கின்றன. சிமெண்டு ஆலைகள் அந்தப் பாறையைத்தான் வெட்டி அரைக்கின்றன. லாரிகள் சாலையில் உதறிப்போகும் வெள்ளைத் தூசியில் பழைய கடலின் ஓடுகள் இருக்கின்றன.

அந்தத் தூசி வண்டியின் ஏர் ஃபில்டரை அடைக்கிறது. தப்பி உள்ளே போகும் துகள் ஆயிலில் சேர்கிறது. அந்த ஆயிலும் ஒரு கடலிலிருந்து வந்ததுதான். கடல் நுண்ணுயிர்கள் செத்துப் படிந்து, மூடப்பட்டு, அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து கச்சா எண்ணெய் ஆகின்றன. எங்கள் பாறைகள் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு. அந்தப் படுகையின் கீழ்ப்பகுதியில், நாகை மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். மணலியில் 1969இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெயையும் பிரித்தெடுக்கிறது. என் பேசினில் இறங்கிய ஒரு லிட்டர் எந்தக் கடலுடையது என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு கடலின் உயிரும், ஏதோ ஒரு கடலின் ஓடும் அதில் சேர்ந்திருக்கின்றன.

சுண்ணாம்பு அழுக்கை எடுக்கும் என்பதை நான் முதலில் அறிந்தது இன்ஜினில் இல்லை. எறையூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் சர்க்கரை ஆலையைத்தான் சொல்வார்கள். 1970களில் அரசுத் துறையில் தொடங்கப்பட்ட பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைக் காலத்தில் டிராக்டரும் லாரியும் கரும்பைச் சுமந்து வரிசைகட்டி நிற்கும். இரவில் பாகின் வாசனை ஊருக்குள் நடந்துவரும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சர்க்கரை ஆவதை எங்களுக்கு விளக்கினார்கள். கரும்பைப் பிழிந்தால் வரும் சாறு கலங்கலாய், பச்சையும் கறுப்புமாக இருக்கும். அதைச் சூடாக்கிச் சுண்ணாம்புப் பால் சேர்ப்பார்கள். கந்தகப் புகையும் விடுவார்கள். சுண்ணாம்பு சாற்றிலுள்ள கசடைப் பிடித்துக்கொண்டு கனத்து அடியில் போய் உட்காரும். மேலே நிற்கிற தெளிந்த சாறு சர்க்கரையாகப் போகும். அடியில் உட்கார்ந்த சேற்றை வடித்துப் பிழிந்தால் மிஞ்சுவது பிரஸ்மட்.

எனக்கு அந்த வயதில் சர்க்கரை மேல்தான் கண். இப்போது யோசித்தால் அந்தச் சேறுதான் நினைவில் நிற்கிறது. சர்க்கரை வெள்ளையாக வேண்டுமென்றால் ஏதோ ஒன்று கறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ஜின் உள்ளே பளபளவென்று இருக்க வேண்டுமென்றாலும் அப்படித்தான். சுத்தம் என்று நாம் சொல்வது அழுக்கு காணாமல் போவதை அல்ல. அது ஓரிடத்திலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுவதை. ஆயிலிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தை முறித்து முறித்துத் தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஆயில் மாற்ற வேண்டும். கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் அது விடைபெறுகிறது.

*

ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போதே ஃபில்டரைக் கழற்றிவிடலாம். என் 150 சிசி வண்டியில் கிளட்சுப் பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் அது இருக்கிறது. மூடியை எடுத்தால் ஒரு ஸ்பிரிங், அதன் பின்னால் ஃபில்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சிலிண்டர் வடிவம். உள்ளே விசிறி மடிப்பாகக் காகிதம். புதிதாக வாங்கும்போது காகிதம் இளமஞ்சளாக இருக்கும். கழற்றியதை வெயிலில் பிடித்து மடிப்புகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். பள்ளத்தில் கறுப்பு வண்டல். சாய்த்துப் பார்த்தால் அதற்குள் ஊசிமுனை அளவில் மின்னுவது உலோகத் துகள். புது வண்டியின் முதல் சர்வீஸில் இந்த மினுமினுப்பு கூடுதலாக இருக்கும். பற்களும் ரிங்குகளும் ஒன்றுக்கொன்று பழகும்போது உதிர்வது. போகப்போகக் குறையும். குறைந்தது திடீரென்று ஒருமுறை கூடினால் உள்ளே ஏதோ தேய்கிறது. சத்தமாக வெளியே வருவதற்கு முன்பே காகிதத்தில் எழுதியிருக்கும். கடையில் விட்டால் அந்த ஃபில்டர் நம் கண்ணில் படாமல் தகர டின்னுக்குள் போய்விடும். வீட்டில் மாற்றுவதற்கு எனக்குள்ள பெரிய காரணம் இதுதான். மிச்சமாகும் கூலி இரண்டாம்பட்சம்.

அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. 1994இல் வெளிவந்த அந்த வண்டி நம் கிராமங்களின் முகத்தையே மாற்றியது. அதன் அடியில் ஒரு கம்பி வலை, ஜல்லடை மாதிரி பெரிய துகளைத் தடுக்கும். நுண்ணிய அழுக்குக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. கிராங்க் தண்டின் முனையில் ஒரு சின்னக் கிண்ணம், இன்ஜினின் வேகத்திலேயே சுற்றும். அதற்குள் புகும் ஆயிலும் சுற்றும். சுற்றுகிற வேகத்தில் கனமான அழுக்கு விளிம்புக்கு ஒதுங்கி அங்கேயே அப்பிக்கொள்ளும். தெளிந்தது நடுவழியாக மேலே போகும். வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அந்த விளிம்பை விரலால் வழித்தால் மை போல வரும். சர்க்கரை ஆலையிலும் இதே தத்துவம்தான் கடைசிக் கட்டத்தில் வேலை செய்கிறது. துளையிட்ட பெரிய கூடை சுழல, கறுத்த பாகு துளைகள் வழியே தெறித்து வெளியேற, உள்சுவரில் வெள்ளைப் படிகம் நிற்கும். ஆலையில் வெளியே போவது கறுப்பு. ஸ்ப்ளெண்டரில் சுவரில் தங்குவது கறுப்பு. அப்பா இரண்டையும் பார்த்தவர். அந்தக் கிண்ணத்தை வழிக்கும்போதெல்லாம் எதுவும் பேசமாட்டார். அதைச் செய்கிற முகம் பூஜைப் பாத்திரம் துலக்குகிறவர் முகமாக இருக்கும்.

காகித ஃபில்டர்கள் பலவற்றோடு ஒரு ஏற்பாடு கூடவே வரும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டு மடிப்பெல்லாம் அடைத்துப்போனால், பக்கவழி வால்வு ஒன்று அழுத்தத்தில் திறந்துகொள்ளும். அழுக்கு ஆயில் வடிகட்டாமல் அப்படியே இன்ஜினுக்குப் போகும். ஆயிலே போகாமல் காய்வதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். பட்டினிக்குப் பழைய சோறு என்கிற முடிவு. ஆனால் அந்த நிலைக்கு விடுவது சொந்தக்காரனின் குற்றம்.

புது ஃபில்டரைச் சரியான முகத்தில் வைக்க வேண்டும். ஓ ரிங் மேல் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவ வேண்டும். டிரெயின் போல்ட்டை முதலில் கையால்தான் திருக வேண்டும். மரையில் மரை உட்கார்ந்து, தானாக நான்கைந்து சுற்று ஏறினால்தான் ஸ்பேனர். அதன்பின் ஒரு சின்ன இறுக்கு. முதல் வருஷத்தில் நான் என் பலத்தையெல்லாம் அதில் காட்டினேன். ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயம். போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பகுதி அலுமினியம். அலுமினிய மரை வழுவழுவென்று உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது. பெரம்பலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் டாப் அடித்து, ஒரு சுற்று பெரிய போல்ட் போட்டுக்கொண்டு வந்தேன். இன்றுவரை அதே போல்ட்தான். ஒவ்வொரு முறையும் அதை இறுக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று என் மணிக்கட்டு யோசிக்கிறது. பயத்தில் இறுக்குகிற எதுவும் உரிந்து கையோடு வந்துவிடும் என்பதை அந்த அலுமினியத்திடம்தான் கற்றேன்.

*

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருஷம், வடித்த ஆயிலைக் கொல்லைக்கு எடுத்துப்போய் வேலியோரம் ஊற்றிவிட்டு வந்தேன். கரையானுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை நின்றதும் கொல்லைக்குப் போனேன். வேலியிலிருந்து கிணற்றடிப் பக்கம் சரிந்த நிலத்தில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம் விரிந்திருந்தது. நீலம், செம்பு, ஊதா. எருமைக் கன்று ஒன்று அதில் வாய் வைக்கப் போனது. விரட்டினேன். விரட்டிய பிறகுதான் என் கை நடுங்கியதைக் கவனித்தேன்.

ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிக்கத் தகாததாக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை விகிதமாகச் சொல்லும் எச்சரிக்கை. கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். என் வண்டிக்கு வருஷத்துக்கு நான்கு லிட்டர். ஒரு தெருவில் ஐம்பது வண்டி என்றால் இருநூறு லிட்டர், ஏறத்தாழ ஒரு பேரல். 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கிவைக்கப்பட்டு, காலணித் தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள் வந்தபின் வண்டிகள் கூடியிருக்கின்றன. வண்டி கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்கள் இன்று தாங்களே ஓட்டிப் போகிறார்கள். அந்த வண்டிகளின் கறுப்பு எங்கே போகிறது என்று கேட்க எவரும் இல்லை என்பதுதான் வருத்தம்.

முன்னேயும் எங்களிடம் கறுப்பு மசகு இருந்தது. ஊரில் மசகு என்றால் மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மைதான். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆமணக்கு எண்ணெய்க்குச் சூட்டிலும் அறுந்துபோகாத பிசுபிசுப்பு உண்டு. 1909இல் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று ஆமணக்கெண்ணெய் கலந்து வாகன எண்ணெய் தயாரித்தபோது, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான கேஸ்டரை வைத்துத்தான் அதற்குக் கேஸ்ட்ரால் என்று பெயரிட்டார்கள். எங்கள் தாத்தாவின் வண்டியச்சுக்குப் போட்டதும் அந்தக் கேஸ்ட்ராலில் கலந்ததும் ஒரே செடியின் கொட்டை. அந்த மசகு தரையில் சிந்தினால் மண் அதைத் தின்றுவிடும். பேசினில் இருப்பதை மண்ணால் தின்ன முடியாது. பொருள் மாறிவிட்டது, கொட்டுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

சட்டத்தின் கண்ணில் பழைய ஆயில் அபாயகரமான கழிவு. 2016ஆம் ஆண்டு விதிகள் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும் என்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து, விற்ற ஆயிலில் ஒரு பங்கைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. இதற்குப் பின்னால் ஓர் எளிய உண்மை உண்டு. எண்ணெய் தேய்ந்து தீர்வதில்லை. பெரும்பாலும் அழுக்கேறத்தான் செய்கிறது. தண்ணீரை ஓட்டி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, கரியையும் தீர்ந்த சேர்மானங்களையும் நீக்கினால், அடியில் பழைய எண்ணெய் அப்படியே இருக்கிறது. மறுபடி தேன் நிறம். மறுபடி ஓர் இன்ஜினுக்குப் போகலாம்.

சர்க்கரை ஆலை இதில் நமக்கு மூத்த வாத்தியார். சக்கை பாய்லருக்குப் போகிறது. கழிவுப்பாகு வடிசாலைக்குப் போகிறது. சுண்ணாம்பு பிடித்து அமர்ந்த சேறு உரமாகி, வந்த கரும்புக் காட்டுக்கே திரும்பிப் போகிறது. அங்கே ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. விலாசம் இல்லாத கறுப்பு எங்கள் கொல்லையில்தான் இருந்தது.

*

அழுக்கைச் சுமப்பதையே அழுக்கு என்று பெயரிட்டுத் தள்ளிவைக்கிற பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. நான் எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பட்டறையில் என்னோடு வேலை கற்ற ஒரு பையனுக்கு, வேலை முடிந்து எத்தனை தடவை சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண் கறுப்பாகவே இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் வலது கையை இலைக்கு மேல் கொண்டுவர அவன் கூச்சப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் அந்தக் கையைப் பார்த்த பார்வையையும் பார்த்தேன். அவர் வந்திறங்கிய வண்டி அன்று காலை அந்தக் கையால் ஓடியது. ஊரின் சாக்கடையில் இறங்குகிறவரை ஊர் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நமக்காகக் கறுத்ததைக் கண்டு நாமே முகம் சுளிக்கிறோம். பெரியவர் ‘கெட்டுப்போச்சு’ என்ற சொல்லை என் வாயில் ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு அந்தப் பந்தியில்தான் விளங்கியது.

பழைய ஆயில் தோலில் நாள்கணக்கில் படுவது புற்றுநோய்வரை கொண்டுபோகலாம் என்று வண்டிக் கையேடுகளே எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை அச்சிட்ட புத்தகம் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கை பட்டறையில் இருக்கிறது. நான் இப்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைப் பிள்ளைகளுக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார்கள். பிறகு ஒருவன், “அண்ணே, பெட்டி தீந்துபோச்சுண்ணே” என்று வந்து நின்றான்.

*

சொட்டு நின்றுவிட்டது. துளையைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறேன். வாஷர், போல்ட், கை இறுக்கு, பிறகு அந்தச் சின்ன ஸ்பேனர் இறுக்கு. புனலை வைத்துத் தேன் நிறத்தை ஊற்றுகிறேன். கையேடு சொல்லும் அளவு ஒரு லிட்டரை ஒட்டி இருக்கிறது. ஊற்றும்போது எப்போதும் கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொள்வேன். இன்ஜினை முறுக்காமல் இரண்டு நிமிஷம் ஓடவிட வேண்டும். காலியாக இருக்கும் புது ஃபில்டர் நிரம்ப வேண்டும், மேலே வால்வுகள் வரை எண்ணெய் ஏற வேண்டும். அணைத்துவிட்டு, இறங்கி அடங்கச் சில நிமிஷம் கொடுத்து, அளவைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுவேன். குனிந்து போல்ட்டின் அடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரம் இல்லை.

இப்போது மிஞ்சுவது பேசின். பழைய ஐந்து லிட்டர் கேன் ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். புனல் வைத்துக் கறுப்பை அதில் ஊற்றும்போது அம்மா வாசலுக்கு வந்தாள்.

“அந்தக் கையோட பானையத் தொட்றாதடா.”

“தொடலம்மா.”

“அத ஏன் இப்படி நோவாம ஊத்துற, அது அழுக்குதான?”

அவளுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பேசினைக் கடைசிவரை சாய்த்து வழித்து ஊற்றினேன். மூடியை இறுக்கினேன், பயமில்லாத இறுக்கு. ஃபில்டரைத் தலைகீழாக ஒரு டின்னில் வடியவைத்தேன். கேன் நிரம்பியதும் பெரம்பலூருக்குக் கொண்டுபோவேன். பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற சர்வீஸ் சென்டர் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். கேன் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் இன்றைய தேதியையும் வண்டியின் கிலோமீட்டரையும் எழுதினேன். மேலே ஏற்கெனவே மூன்று வரிகள். இது நான்காவது.

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். “இது என்னடா கணக்கு?”

“இவ்வளவு தூரம் நம்மளச் சுமந்திருக்கும்மா” என்றேன்.